சுண்டுவிரல் மரத்துப்போனால் முழங்கையைப் பாருங்கள்

வாசகர் கேள்விகள் – இயன்முறை மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில், மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் கட்டைவிரலும் அதையடுத்த இரு விரல்களும் மரத்துப்போவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் சிலர், தங்களுக்கு மரத்துப்போவது சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் என்று குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். அது வேறு நரம்பு. பெரும்பாலும் அழுந்தும் இடமும் வேறு. கையில் ஏற்படும் நரம்பு அழுத்தங்களில் மணிக்கட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது முழங்கையில் அல்னார் நரம்பு அழுந்துவதுதான். ஆகையால் இந்த இதழின் பகுதியை முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: பாபநாசம் வட்டத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கராக இருக்கிறேன். வயது 47. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நான்கு மாதங்களாக வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மதமதவென்று இருக்கின்றன. விடியற்காலையில் கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. உதறினால் சற்று நேரத்தில் சரியாகிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி, கழுத்துப்பட்டையும் கழுத்தை இழுத்துவிடும் சிகிச்சையும் கொடுத்தார்கள், பலனில்லை. பிறகு எடுத்த நரம்புச் சோதனையில், முழங்கையில் நரம்பு லேசாக அழுந்தியிருப்பதாக வந்திருக்கிறது. பிசியோதெரபி செய்து பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். அறுவைச் சிகிச்சை இல்லாமல் குணமாகுமா? என்னென்ன பயிற்சிகள் செய்ய வேண்டும்?
– வாசகர், பாபநாசம்

பதில்: மரமரப்பு வந்து வந்து போகிறது, பிடியில் பலம் குறையவில்லை, சோதனையிலும் அழுத்தம் லேசானதுதான் என்றால், அறுவைச் சிகிச்சையின்றிக் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் பயிற்சிகளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் அதற்கு முன்னால் உங்கள் முழங்கை பகலிலும் இரவிலும் எத்தனை மணி நேரம் மடங்கியிருக்கிறது, எதன்மீது ஊன்றியிருக்கிறது என்பதைத்தான் கேட்பேன். இந்த நோயில் சிகிச்சையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

முழங்கையின் உட்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையைத் தொட்டுப் பாருங்கள். அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்ததுபோல் பாய்கிற இடம் அதுதான். கழுத்துத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்பட்டு அக்குள் வழியாக இறங்கிவரும் அல்னார் நரம்பு, அந்த இடத்தில் தசையின் பாதுகாப்பு ஏதுமின்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. ஒருபுறம் எலும்பும் மூட்டுறையும், மேலே ஓர் இறுக்கமான நார்ப்பட்டையும் சேர்ந்து அங்கே ஒரு குறுகிய சுரங்கத்தை அமைத்திருக்கின்றன. முழங்கையை மடக்கும்போது அந்த நார்ப்பட்டை இறுகிச் சுரங்கம் தட்டையாகிறது. அதன் கொள்ளளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுவதாக அளந்திருக்கிறார்கள். எலும்பு முனையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் நரம்பும் அதே சமயத்தில் 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை இழுபடுகிறது. இப்படி நெரிசலும் இழுப்பும் ஒன்றுசேரும்போது நரம்புக்குள் ஓடும் நுண்ணிய இரத்த நாளங்கள் அழுந்தி, நரம்புக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. சில நிமிடங்கள் மடங்கியிருந்தால் ஒன்றும் ஆவதில்லை. நாள்தோறும் மணிக்கணக்கில் மடங்கியிருந்தால்தான் மரமரப்பு தொடங்குகிறது. உங்களுக்கு விடியற்காலையில் விழிப்பு வருவதற்குக் காரணம், முழங்கையை முழுதாக மடக்கி, கையைக் கன்னத்துக்கு அடியிலோ தலைக்கு அணையாகவோ வைத்து இரவு முழுவதும் உறங்குவதாக இருக்கலாம். வீட்டாரை ஒருமுறை கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கழுத்துச் சிகிச்சை ஏன் பலனளிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தக் குழப்பம் பலருக்கு நேர்கிறது. நாற்பது வயதைக் கடந்த ஒருவரின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் ஏதேனும் தேய்மானம் தென்படுவது மிகச் சாதாரணம். வலியே இல்லாதவர்களுக்கும் அது தெரியும். எனவே எக்ஸ்ரேயில் தேய்மானம் இருப்பது மட்டுமே மரமரப்புக்குக் காரணம் என்று ஆகிவிடாது. கையைக் கவனமாகச் சோதித்தால் வேறுபாடு தெரியும். அல்னார் நரம்பு சுண்டுவிரல் முழுவதற்கும், மோதிரவிரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதிக்கும் மட்டுமே உணர்வு தருகிறது. ஒரே மோதிரவிரலில் ஒரு பாதி மரத்தும் மறு பாதி தெளிவாகவும் இருந்தால், அது கழுத்து வேரைவிட இந்த நரம்பையே காட்டுகிறது. கழுத்தில் நரம்பு வேர் அழுந்தினால் மரமரப்பு மணிக்கட்டோடு நிற்காமல் முன்கையின் உட்பக்கத்திலும் ஏறும். கழுத்தைத் திருப்பும்போது வலி தோளிலிருந்து கைக்குப் பாயும். அழுத்தம் முழங்கையில் என்றால், உணர்வுக் குறைவு பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கத்தோடு நின்றுவிடும். மணிக்கட்டிலேயே இந்த நரம்பு அழுந்துவதும் உண்டு. அப்போது புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்தில் உணர்வு மாறாமல் இருக்கும், ஏனெனில் புறங்கைக்குச் செல்லும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. இவ்வளவையும் ஒரு பஞ்சுத் துணுக்கைக் கொண்டே சோதிக்கலாம். நரம்புக் கடத்தல் சோதனை அதை உறுதிசெய்கிறது. முழங்கையைக் கடக்கும்போது நரம்பின் வேகம் நொடிக்கு 50 மீட்டருக்குக் கீழே இறங்கினால் அங்கே தடை இருப்பதாகக் கொள்வது வழக்கம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. அலுவலகத்தில் பேரேட்டின் முன்னாலோ கணினியின் முன்னாலோ முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி அமர்வதை முதலில் நிறுத்துங்கள். நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்து, முன்கையின் நடுப்பகுதி மேசைமேல் படியுமாறு வையுங்கள். எலும்பு முனை எதிலும் படக்கூடாது. முழங்கை செங்கோணத்தைவிட அதிகம் மடங்காதபடி விசைப்பலகையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். தொலைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசும் வழக்கம் இந்த நரம்புக்கு மிகவும் கெடுதல். ஒலிபெருக்கியிலோ காதொலிக் கருவியிலோ பேசுங்கள். படுத்துக்கொண்டு கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துப் படிப்பதும் அதே வகைதான். பேருந்தில் போகும்போது முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றிக்கொள்வதையும் விட்டுவிடுங்கள்.

இரவுக்கு ஒரு தாங்கி வேண்டும். முழங்கை முழுதாக நீண்டிருக்க வேண்டியதில்லை. 30 முதல் 45 டிகிரி அளவு லேசாக மடங்கிய நிலையில் நின்றால் போதும், உறக்கமும் கெடாது. மருந்துக் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கும் முன், வீட்டிலேயே ஒரு தேங்காய்ப்பூத் துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுருட்டி, மேலும் கீழும் துணிநாடாவால் கட்டிப் படுத்துப் பாருங்கள். மடக்கத் தோன்றும்போது துண்டு தடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. விரல் வீங்கினாலோ நிறம் மாறினாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். நம் பகுதியின் புழுக்கத்தில், குறிப்பாகச் சித்திரை வைகாசியில், முதல் சில இரவுகள் சிரமமாக இருக்கும். மெல்லிய பருத்தித் துண்டாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கழற்றி எறிந்துவிடாதீர்கள். குறைந்தது ஆறு வாரங்கள் தொடர வேண்டும்.

நான் பயிற்சியைப் பின்னுக்குத் தள்ளுவதாக நினைக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டு சுவீடனில் இருந்து வெளியான ஓர் ஆய்வில், லேசான அல்லது நடுத்தர நிலையில் இருந்த நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்று குழுவினருக்கும் நோயின் காரணத்தையும் எந்த அசைவைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் விளக்கினார்கள். ஒரு குழுவுக்குக் கூடுதலாக இரவுத் தாங்கியும், இன்னொரு குழுவுக்கு நரம்பை நகர்த்தும் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலானோர் தேறியிருந்தார்கள். குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வெறும் விளக்கமும் அதன்படி நடப்பதுமே அந்த அளவுக்குப் பயன்பட்டிருக்கிறது. என் துறையைச் சேர்ந்தவர்கள் நோயாளியோடு அமர்ந்து பேசும் நேரத்தைக் குறைத்துவிட்டு இயந்திரங்களை வைத்துவிட்டுப் போவதைக் காணும்போதெல்லாம் இந்த ஆய்வு என் நினைவுக்கு வருகிறது.

நரம்பு நகர்வுப் பயிற்சியை, மரமரப்பைத் தூண்டாத அளவில் செய்தால் போதும். நிமிர்ந்து அமர்ந்து, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே நீட்டுங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். முழங்கையை மெதுவாக மடக்கும்போதே மணிக்கட்டையும் உட்பக்கமாக மடக்குங்கள். முழங்கையை நீட்டும்போது மணிக்கட்டைப் பின்பக்கமாக விரியுங்கள். ஓரிடத்தில் நரம்பு இழுபடும்போது மற்றோரிடத்தில் தளர்வதால், அது நீட்டப்படாமல் சுரங்கத்துக்குள் முன்னும் பின்னும் நகர்கிறது. ஒரு தடவைக்கு எட்டு அல்லது பத்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. காணொளிகளில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் கையைத் திருப்பிக் கண்ணில் கண்ணாடிபோல் வைக்கும் பயிற்சி ஒன்று பரவலாக வருகிறது. அது நரம்பை ஒரே நேரத்தில் எல்லா மூட்டுகளிலும் இழுப்பது. விறுவிறுப்பு இருக்கும்போது அதைச் செய்ய வேண்டாம். எந்தப் பயிற்சிக்குப் பிறகும் மரமரப்பு சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் அளவைக் குறையுங்கள். முன்கைத் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துவதும், கூன்போட்டு அமரும் தோளை நிமிர்த்துவதும், பிறகு படிப்படியாகப் பிடியை வலுப்படுத்துவதும் உங்கள் ஊர் இயன்முறை மருத்துவர் நேரில் பார்த்துக் கற்பிக்க வேண்டியவை.

இரவில் விழிப்பு வருவது முதல் சில வாரங்களிலேயே குறைய வேண்டும். முழுத் தெளிவுக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நரம்பு சிறு அழுத்தத்தையும் தாங்காது. ஆகவே மூன்று மாதச் சராசரி சர்க்கரைச் சோதனையையும் செய்துகொள்ளுங்கள். இடையில் சாவியைத் திருகுவதோ சட்டைப் பொத்தானை இடுவதோ கடினமானால், மரமரப்பு விட்டுவிட்டு வராமல் நிலையாகவே தங்கிவிட்டால், மூன்று மாதம் காத்திருக்காமல் மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள்.

கேள்வி: என் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். குறுவை, சம்பா நடவுக் காலங்களில் இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்கிறார். வேலை இல்லாத மாதங்களில் குறைந்துவிடுகிறது. வேலையை விட முடியாது. என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி அருகே

பதில்: வேலை இல்லாத மாதங்களில் குறைந்துவிடுகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது மிகவும் பயனுள்ள செய்தி. குனிந்து நடும்போது பெண்கள் பலர் நாற்றுமுடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பின் சுமையைக் குறைக்க இடது முழங்கையை முழங்காலின்மீது ஊன்றிக்கொள்வார்கள். முழங்கை மடங்கியும் இருக்கிறது, எலும்பு முனை அழுந்தியும் இருக்கிறது, உடலின் பாரமும் அதன்மேல் இறங்குகிறது. இந்த மூன்றும் சேர்ந்து மணிக்கணக்கில் நீடித்தால் எந்த நரம்பும் தாங்காது.

ஊன்றாமல் நடுங்கள் என்று சொன்னால் முதுகு போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் ஊன்றும் இடத்தை மாற்றச் சொல்லுங்கள்: முழங்கை முனைக்குப் பதிலாக முன்கையின் நடுப்பகுதி தொடைமீது படியட்டும். பழைய பருத்திச் சேலைத் துணியை மடித்து முழங்கையின் உட்புறத்தைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டால் அழுத்தம் குறையும். சேற்றில் நனைந்து இறுகினால் அவிழ்த்துவிட வேண்டும். வரப்பு மாறும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து கையை முழுதாக நீட்டி உதறிக்கொள்ளட்டும். மதியம் சாப்பிட்டபின் கையை மடித்துத் தலைக்கு வைத்து உறங்குவதைத் தவிர்த்து, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

சுண்டுவிரலில் சூடு தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் அடுப்படியில் சுட்டுக்கொள்வதும் வயலில் கீறிக்கொள்வதும் உறைக்காது. புண் ஆறாமல் சீழ் வைக்கும். அப்படியானால் தாமதிக்காமல் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: வீணை வாசிக்கிறேன், கற்பிக்கவும் செய்கிறேன். இடது கைச் சுண்டுவிரல் ஓரத்தில் விறுவிறுப்பு தொடங்கியிருக்கிறது. வாசிப்பதை முற்றிலும் நிறுத்தச் சொல்கிறார்கள். அவசியமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: விறுவிறுப்பு மட்டும் இருந்து பலம் குறையாத நிலையில், முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கலைஞர்கள் இந்த அச்சத்தாலேயே அறிகுறியை மறைத்து, தசை மெலிந்தபின் வருகிறார்கள். மெலிந்த தசையை மீட்பது விறுவிறுப்பை நீக்குவதைவிடப் பல மடங்கு கடினம்.

இடது கை தண்டியின் அடியாக வந்து மெட்டுகளின்மேல் விரல் வைக்கும்போது முழங்கையும் மணிக்கட்டும் ஒருசேர மடங்குகின்றன. மேல்ஸ்தாயிக்குப் போகப்போக மடக்கத்தின் கோணம் மாறுகிறது. இடது முழங்கையைத் தொடைமீது ஊன்றி வாசிப்பவராக இருந்தால் அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் இயன்முறை மருத்துவரிடம் வீணையை எடுத்துச் சென்று, வாசிக்கும் நிலையிலேயே காட்டுங்கள். வெறுங்கையோடு மேசையில் படுத்துச் சோதிக்கும்போது தெரியாதது அப்போது தெரியும். அமரும் பலகையின் உயரத்தையும் குடத்தின் இருப்பையும் சிறிது மாற்றுவதாலேயே முழங்கை பத்துப் பதினைந்து டிகிரி விரிவதுண்டு. சாதகத்தை இருபது இருபத்தைந்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்து, இடையில் கையை நீட்டி ஓய்வு கொடுங்கள். நீண்ட கமகப் பயிற்சிகளை ஒரே அமர்வில் குவிக்காதீர்கள். வகுப்பில் மாணவர்கள் வாசிக்கும் நேரத்தில் நீங்களும் உடன் வாசிக்காமல் பாடிக் காட்டலாம். வலது கையிலும் விறுவிறுப்பு வந்தால், குடத்தின் விளிம்பில் படியும் முன்கையின் உட்பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே மடித்த துணி ஒன்று போதும். இரவுத் தாங்கி பற்றி மேலே எழுதியது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: முழங்கை நரம்புக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா? கரண்ட் வைத்தல், ஊசி, வைட்டமின் மாத்திரை இவற்றால் பலன் உண்டா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: முன்கைத் தசையிலும் மேற்கையிலும் எண்ணெய் தேய்த்து மென்மையாக நீவலாம், இதமாக இருக்கும். எலும்பு முனைக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் மட்டும் விரலால் அழுத்தவோ, நரம்பைப் பிடித்துச் சுண்டவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். அழுத்தத்தால் வந்த நோய்க்கு மேலும் அழுத்தம் கொடுப்பது சிகிச்சையாகாது. மின்தூண்டலும் மீயொலிச் சிகிச்சையும் தற்காலிக இதம் தரக்கூடும். அவற்றை மட்டுமே பத்து நாள் வாங்கிக்கொண்டு, இரவில் கையை மடக்கித் தூங்கினால் பயனில்லை. ஸ்டீராய்டு ஊசி மணிக்கட்டு நரம்புக்கு உதவுவதுபோல முழங்கையில் உதவுவதாக நிரூபணமாகவில்லை. வைட்டமின் பி12 குறைபாடு இரத்தச் சோதனையில் தெரிந்தால் மாத்திரை அவசியம். குறைபாடு இல்லாதவருக்கு அது சுரங்கத்தை அகலமாக்கிவிடாது.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. சிறுவயதில் புளியமரத்திலிருந்து விழுந்து வலது முழங்கை முறிந்து, நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து கை சற்று வெளிப்பக்கமாகக் கோணலாகவே இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்கும் தடையில்லை. இரண்டு ஆண்டுகளாகச் சுண்டுவிரல் மரத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிவிழுந்துவிட்டது. பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறோம். போதுமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: போதாது என்று வருத்தத்தோடு, ஆனால் தெளிவாகச் சொல்கிறேன். குழந்தைப் பருவத்தில் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முறிந்து சரியாகச் சேராமல் போனால், வளர வளர முன்கை வெளிப்பக்கமாகச் சாய்கிறது. உட்பக்கத்தில் ஓடும் அல்னார் நரம்பு அந்தக் கோணலைச் சுற்றி ஒவ்வொரு முறை மடக்கும்போதும் கூடுதலாக இழுபடுகிறது. இருபது முப்பது ஆண்டுகள், சிலருக்கு அதைவிடவும் அதிகமான காலம் எந்தக் குறையும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு கை மெலியத் தொடங்குவது இந்த முறிவின் இயல்பு. ஆகவே யாரும் பழைய முறிவையும் இப்போதைய மரமரப்பையும் இணைத்துப் பார்ப்பதில்லை. நீங்கள் இணைத்துப் பார்த்து எழுதியிருப்பது நல்லது.

ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாளை இரு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே பிடிக்கச் சொல்லி, நீங்கள் தாளை இழுங்கள். நலமான கையில் கட்டைவிரல் நேராக இருந்தே தாளைப் பிடிக்கும். பாதிக்கப்பட்ட கையில் கட்டைவிரலின் நுனி மூட்டு மடங்கிக்கொள்ளும். பலமிழந்த தசைக்குப் பதிலாக வேறொரு நரம்பின் தசை வேலை செய்ய வருவதன் அடையாளம் அது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஃப்ரோமான் முதலாம் உலகப் போர்க் காலத்தில் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே இந்தச் சோதனை வழங்குகிறது.

சதை குழிவிழுந்த நிலையில், கோணலான எலும்பு நரம்பை இழுத்துக்கொண்டே இருக்கும்போது, பயிற்சியால் மட்டும் அதை மீட்க முடியாது. நரம்பை எலும்பு முனைக்குப் பின்னாலிருந்து எடுத்து முன்பக்கமாக மாற்றி வைக்கும் அறுவைச் சிகிச்சையை இத்தகையவர்களுக்குப் பரிந்துரைப்பது வழக்கம். கோணல் இல்லாத சாதாரண அழுத்தத்துக்கு, மேலுள்ள நார்ப்பட்டையை வெட்டிவிடும் எளிய அறுவையே போதுமானது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எது பொருத்தம் என்பதை எலும்பு மூட்டு அல்லது கை அறுவை மருத்துவர் முடிவு செய்வார். நீங்கள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ எலும்பு மூட்டுப் பிரிவில் இம்மாதமே காட்டுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் உடன் எடுத்துச் செல்லுங்கள். பிசியோதெரபியை நிறுத்த வேண்டாம். விரல் மூட்டுகள் இறுகிவிடாமல் காப்பது அதன் இப்போதைய கடமை. அறுவைக்குப் பிறகு அதற்கு இன்னும் பெரிய வேலை காத்திருக்கிறது.

கேள்வி: நாச்சியார்கோவிலில் விளக்குப் பட்டறையில் வேலை செய்கிறேன். முழங்கை நரம்புக்கு அறுவைச் சிகிச்சை செய்து ஐந்து மாதமாகிறது. விறுவிறுப்பு குறைந்திருக்கிறது. ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் முன்னைவிட அதிகமாக மடங்கிக்கொள்கின்றன. அறுவை தவறிவிட்டதா?
– வாசகர், நாச்சியார்கோவில்

பதில்: பெரும்பாலும் அப்படியில்லை, இது நரம்பு மீண்டு வருவதன் அடையாளமாகவே இருக்கலாம். நரம்பு இழை அறுவைக்குப் பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் வளர்ந்து இறங்குகிறது. முழங்கையை அடுத்து முன்கையில் இருக்கும் விரல் மடக்கும் தசையை அது முதலில் அடைகிறது; உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகளை அடைய முழங்கையிலிருந்து 25 செ.மீ.க்கும் மேல் போக வேண்டும். ஆகவே மடக்கும் தசைக்குப் பலம் வந்து, விரலை நிமிர்த்தி வைக்க உதவும் சிறு தசைகளுக்கு இன்னும் வராத ஓர் இடைக்காலம் உண்டு. அந்த மாதங்களில் விரல்கள் முன்னைவிட அதிகமாக வளைந்தே தெரியும். முன்கூட்டியே யாரேனும் சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டீர்கள்.

இந்தக் காலத்தில்தான் இயன்முறைச் சிகிச்சை விட்டுப்போகக் கூடாது. வளைந்த விரல்களை மறுகையால் நாள்தோறும் பலமுறை முழுதாக நிமிர்த்திவிடுங்கள். விட்டுவிட்டால் மூட்டு இறுகி, பிறகு நரம்பு தேறினாலும் விரல் நிமிராது. விரலின் அடிமூட்டு பின்னோக்கி வளையாமல் தடுக்கும் சிறு தாங்கி ஒன்றைச் செய்து கொடுக்கும்படி கேளுங்கள். அதை அணிந்தால் விரல் தானாகவே நீள்வதைக் காண்பீர்கள். விரல்களை விரித்துச் சேர்ப்பது, விரலிடுக்கில் தாளைப் பிடிப்பது, களிமண் உருண்டையைப் பிசைவது ஆகியவற்றைப் படிப்படியாகக் கூட்டுங்கள். பட்டறையில் அரம் தேய்ப்பதும் மெருகேற்றும் இயந்திரத்தைப் பிடிப்பதும் அதிர்வை நேரே முழங்கைக்கு ஏற்றுவன. மருத்துவர் அனுமதிக்கும்வரை அவற்றிலிருந்து விலகி இருங்கள். பித்தளை வார்ப்பின் சூடு சுண்டுவிரலுக்கு உறைக்காது என்பதால் கையுறை இன்றி அருகில் போக வேண்டாம்.

வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களும் சிகிச்சையை விட்டுவிட வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: எனக்கு வயது 33. இடது கைச் சுண்டுவிரல் மரத்திருக்கிறது. முழங்கைக்குச் சற்று மேலே உட்பக்கத்தில் நரம்பு கயிறு போலத் தடித்துத் தட்டுப்படுகிறது, தொட்டால் வலிக்கிறது. முன்கையில் வெளிறிய தேமல் ஒன்றும் இருக்கிறது, அது அரிப்பதில்லை. இதற்கும் இரவுத் தாங்கி போடலாமா?
– வாசகர், சீர்காழி அருகே

பதில்: தாங்கியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். இந்தக் கடிதத்தைப் படித்த நாளிலேயே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், தொழுநோய்ச் சோதனை செய்யும்படி கேளுங்கள். தேமலில் பஞ்சால் தொட்டால் உணர்வு இல்லையென்றால் ஐயம் வலுக்கிறது. தொழுநோய் தாக்கும் நரம்புகளில் முழங்கைக்கு அருகிலுள்ள அல்னார் நரம்பு முதன்மையானது. அது தடித்துக் கைக்குத் தட்டுப்படுவது இந்நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. 2005ஆம் ஆண்டில் இந்தியா, தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியபோதிலும், புதிய நோயாளிகள் இன்றும் கண்டறியப்படுகிறார்கள். நோய் இல்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதாலேயே இத்தகைய கைகள் மாதக்கணக்கில் நரம்பு அழுத்தம் என்ற பெயரில் மின்சிகிச்சைக்கு அலைகின்றன.

நோய் உறுதியானால் அச்சமோ கூச்சமோ வேண்டாம். கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு நிலையங்களில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் உட்கொண்டால் முழுதாகக் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரப்பும் தன்மை போய்விடுகிறது. ஆனால் நரம்பு வீங்கி வலிப்பதும், அண்மையில் பலமோ உணர்வோ குறைந்திருப்பதும் தனிக் கவனம் வேண்டுபவை. ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் இழந்த செயல்பாடு பெருமளவு மீளக்கூடும். அதற்கு மேல் தள்ளிப்போனால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. எனவே மரமரப்பு எந்த மாதம் தொடங்கியது என்பதை நினைவுபடுத்திக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். நரம்பு வீங்கியிருக்கும் வேளையில் முழங்கைக்கு ஓய்வு தேவை. அப்போது மருத்துவரே தாங்கி போடச் சொல்வார். வீட்டில் உடன் வாழ்பவர்களுக்கும் நோய் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தடுப்பாக ஒரேயொரு வேளை மருந்து கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் போகும்போது அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.